ராஜாவின் முகத்துக்கு என்ன நிறம்

மலேசியாவின் கிள்ளானில் எழுபதுகளில் கல்யாணம் செய்துகொண்ட தமிழர் வீட்டுக்குப் போனால் ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்பார். தலையில் கோடு போட்ட துணி, மோவாயில் ஒட்டவைத்தது போல ஒரு தாடி, மார்பின் குறுக்கே மடக்கிய கைகள். பெண் வீட்டுச் சொந்தமும் இல்லை, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமும் இல்லை. எகிப்து ராஜா.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஸ்டூடியோவின் பின்திரை அது. மற்ற ஸ்டூடியோக்களில் ஏரி, அன்னம், மாடிப்படி என்று வரைந்திருப்பார்கள். இங்கே மட்டும் பிரமிடும் ராஜாவும். அந்த ராஜாவின் முகநிறம் ஒரு மாதிரி இருந்ததில்லை. ஒரு படத்தில் கோதுமை மாவு, இன்னொன்றில் கரி, வேறொன்றில் நெற்றியில் பட்டையாக விபூதி. யாருக்கு முதலில் கல்யாணம் ஆனது என்று வீட்டில் தகராறு வந்தால் ராஜாவின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே அது தெரியும்.

ராஜாவை வரைந்தவர், அழித்தவர், மறுபடி வரைந்தவர் எல்லாம் அந்த ஸ்டூடியோக்காரரேதான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் பாஸ் என்போம். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடி, ராஜாவைப் பார்த்தபடியே சாப்பிடுவார். திடீரென்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து ராஜாவின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். அப்புறம் இரண்டு வாய் சோறு. அப்புறம் மறுபடி கன்னம். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கால் ஆடத் தொடங்கிவிடும்.

பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஆங்கிலப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவார். எகிப்தைப் பற்றி எழுதியிருந்தால் போதும். பிரமிடு கட்டியவர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்று ஒன்றில் இருக்கும். கிழக்கேயிருந்து என்று இன்னொன்றில். இல்லை, தெற்கே ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து இறங்கிய கறுப்பர்கள்தான் என்று மூன்றாவதில். எதைப் படித்தாலும் அன்றைக்கு அதை நம்புவார், மறுநாள் சந்தேகப்படுவார், அதற்கடுத்த நாள் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்.

படம் எடுக்கும்போதுதான் அவருடைய வாதம் களைகட்டும். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவார். நாம் பதில் சொல்ல வாயைத் திறந்தால், "அசையாதீங்க" என்பார். கிள்ளானில் எந்த வாதத்திலும் அவர் தோற்றதில்லை. எதிர்க்கட்சிக்கு எப்போதும் அசைய அனுமதி கிடையாது. இதில் இன்னொரு கொடுமை, படம் எடுத்து முடித்ததை அவர் பல சமயம் சொல்லவே மறந்துவிடுவார். வாதம் உச்சத்தில் இருக்கும்போது கிளிக் ஆகிவிடும். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விடுவார். முழுக் குடும்பமும், கைக்குழந்தை உட்பட, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் யாராவது துணிந்து தும்முவார்கள்.

விபூதி வந்த கதை இது. சுங்கை பூலோ பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் குடும்பப் படம் எடுக்க வந்தார். ராஜாவைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எகிப்தியர் வேறு யாருமில்லை, படகேறிப் போன நம் ஆட்கள்தான் என்று அரை மணி நேரம் முழங்கினார். பாஸுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாத்தியார் போனதும் ராஜாவின் நெற்றியில் மூன்று பட்டை இழுத்துவிட்டார். அந்த வாரம் படம் எடுத்தவர்கள் எல்லோரும் சைவ ராஜாவோடு நிற்கிறார்கள்.

ஆனால் பாஸின் சந்தோஷத்துக்கு ஆயுள் குறைவு. ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது ஈரத்துணியால் விபூதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாம படகுல போயி எறங்குறோம். சரியா? கரையில யாராச்சும் நின்னு பார்த்திருப்பாங்கல்ல?"

இருக்கலாம் என்றேன்.

"ஏற்கனவே அங்க இருந்தவன் எங்க லா போனான்?"

அதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பிறகு அதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. வடக்கேயிருந்து வந்தவர்கள் என்றாலும் இதைத்தான் கேட்பார், கிழக்கேயிருந்து என்றாலும் இதேதான். அங்கே முதலில் இருந்தவர் கறுப்பராகத்தான் இருக்கும் என்று ராஜா கரியானார். மணப்பெண்களின் தாய்மார்கள் ராஜாவைத் திரை போட்டு மூடச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். ராஜாவை மூடினால் காமிராவையும் மூடிவிடுவேன் என்றார் பாஸ்.

அவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கு மட்டும் பதில் கிடையாது. கேட்டால், "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்பார். பக்கத்துக் காப்பிக்கடையில் அவரைப் பற்றி ஒரு எகிப்து ஆராய்ச்சியே நடந்தது. மலையாளி என்றார் ஒருவர், ரவாங் எஸ்டேட்டில் பிறந்தவர் என்றார் இன்னொருவர், அம்மா சீனத்தி என்று சத்தியம் செய்தார் மூன்றாமவர். அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் யாராவது நம்மைப் பார்த்து எங்கிருந்து வந்தவன் என்று கேட்டால் முகம் சுண்டிப்போகிற நாம்தான், கோயில் சாப்பாட்டில் பக்கத்து இலைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டுக் குடைவோம். அதில் நமக்கு ஒரு ருசி.

ஒருமுறை துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து நிஜமாகவே ஒரு எகிப்துக்காரர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்துவிட்டார். பாஸ் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவரை ராஜாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கேட்டார். மாலுமி, தன் அம்மா கறுப்பு, அப்பா சிவப்பு, தாத்தாவுக்கு முன்னால் யார் என்று தெரியாது, நாளைக்குள் படம் கிடைக்குமா என்று மட்டும் சொன்னார். அன்று பாஸுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தில் ராஜா தே தாரிக் நிறத்துக்கு வந்தார். அந்தப் பால் தேநீர் நிறம் கொஞ்ச நாள் நிலைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய் மாட்டினேன்.

நான் அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரான். என் பக்கத்து மேசையில் கௌரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற யாழ்ப்பாணத்துப் பெண். என் தாத்தா தண்டவாளத்துக்குக் கல் போட்டவர். கௌரியின் தாத்தா அதே தண்டவாளத்தில் ஓடிய ரயிலுக்குக் கொடி காட்டியவர். கௌரியின் அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கொடிக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரம், கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவில் இருப்பதைவிட அதிகம்.

கௌரி எப்படியோ வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. முதலில் பையனின் படத்தைக் கொண்டுவா, பார்த்துவிட்டு வீட்டுக்குள் விடலாமா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார் அப்பா. ஈப்போவில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையின் படம் ஏற்கனவே அவர் மேசையில் இருப்பதாகவும் கௌரி சொன்னாள். டாக்டர் என்ன நிறம் என்று கேட்டேன். நல்ல வெள்ளை என்றாள். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

நான் கோப்பி ஓ நிறம். பால் படாத காப்பி. அதுவரை அது ஒரு பிரச்சினையாகத் தோன்றியதில்லை. அன்றிலிருந்து ஆபீஸ் கழிவறைக் கண்ணாடியில் என்னை நானே ஒரு வெள்ளைக்கார டாக்டர் மாதிரி பரிசோதிக்க ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். கடலை மாவு பூசினேன். குடையில்லாமல் வெளியே போவதை நிறுத்தினேன். வெயிலில்லாத நாளிலும் குடை பிடித்து நடந்த என்னைத் துறைமுகத் தொழிலாளிகள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அம்மா பவுடர் டின்னோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். பாஸ் டின்னை வாங்கி வாசலில் வைத்துவிட்டு, என் கையில் ஈரத்துண்டைக் கொடுத்தார். முகம் கழுவிய நிலையிலேயே படம் எடுத்தார். கழுவி எடுத்த படத்தைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தே தாரிக் ராஜாவுக்கு முன்னால் நான் ராஜாவின் நிழல் மாதிரி இருந்தேன்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, நெகட்டிவில் பென்சில் போட்டு முகத்தை வெளுக்க வைக்கும்படி பாஸிடம் கெஞ்சினேன். பருக்களையும் மச்சங்களையும் அப்படித்தானே அவர் எல்லோருக்கும் மறைத்துக் கொடுத்தார்.

"பரு நேத்து வந்தது, நாளைக்குப் போயிரும். அத நான் இன்னைக்கே அனுப்பி வைக்கிறேன், அவ்வளவுதான். உன் கலரு எங்கேருந்து வந்துச்சு, எங்க போவும்?"

டாக்டரைப் பற்றிச் சொன்னேன். மேசையில் இருக்கும் அந்த வெள்ளைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒரு ஆண்பிள்ளை பென்சிலுக்காக அழுவதை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். கிராம்பைக் கடித்துக்கொண்டு ஸ்டூடியோவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ராஜாவின் முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். கடைசியில் நாளைக்கு வா என்றார்.

மறுநாள் போனால் ராஜா மை. கரியெல்லாம் இல்லை, அடுப்புக்குள் இருட்டு மாதிரி ஒரு கறுப்பு. என்னை முன்னால் நிறுத்தி எடுத்தார். அன்று அவர் வாதமே செய்யவில்லை. படம் வந்தது. என் முகத்தில் ஒரு புள்ளி பென்சில் இல்லை. ஆனால் அந்த இருட்டுக்கு முன்னால் நான் பால் கலந்த காப்பியாக மின்னினேன். அம்மா படத்துக்கு முத்தம் கொடுத்தார். அந்த உற்சாகத்தில், பிரிக்பீல்ட்ஸ் வீடு கோயிலுக்குப் பின்தெருவில், வாசலில் கொய்யா மரம், யாரைக் கேட்டாலும் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டைக் காட்டுவார்கள் என்று பாஸிடம் பெருமையாக ஒப்பித்தார். பாஸ் தலையாட்டவில்லை. ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் போனது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவோடு வரச்சொல்லிப் பதில் வந்தது.

அந்த ஞாயிறு காலையில் பாஸுக்கு நன்றி சொல்ல ஒரு பொட்டலம் புட்டு மாயம், அதாவது இடியாப்பம், வாங்கிக்கொண்டு போனேன். ஸ்டூடியோ பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அவர் பூட்டியதே இல்லை. காப்பிக்கடை முதலாளியான தவுக்கே, பாஸ் பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். ராஜாவிடம் தப்புப் பண்ணிவிட்டேன், அந்த வீட்டில் போய்ச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று பாஸ் புலம்பினாராம். நீ அவரை என்ன செய்தாய் என்று தவுக்கே என்னையே கேட்டார்.

புட்டு மாயத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கோலாலம்பூர் பஸ்ஸில் எல்லா இருக்கையும் காலி. நான் நின்றுகொண்டே போனேன். நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். டிரைவர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்: காலில் ஜப்பான் ரப்பர் செருப்பு, உடம்பில் பொத்தான் போன பழைய சட்டை, கையில் குடை இல்லை. வெயில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கொய்யா மரத்தை அடைந்தபோது நான் முழுக் கோப்பி ஓ, அதுவும் கொதிக்கக் கொதிக்க.

வாசல் திறந்தே இருந்தது. கௌரியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெடிய மனிதர், வெள்ளை வேட்டி, என்னைவிட ஒரு பிடி கறுப்பு. பாஸ் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் மேசை மேல் என் படம். நான் அஞ்சியது எதுவும் அங்கே நடக்கவில்லை. அவர்கள் எகிப்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ராசாவ ஏன் இப்பிடிக் கரி அப்பி வச்சிருக்கிறியள்? எகிப்துக்குக் கப்பல் விட்டதே எங்கட ஆக்கள்."

"சரி சார், ஏற்கனவே அங்க இருந்தவன் எங்க போனான்?"

"அங்க ஒரு சனமும் இருக்கேல்ல. வெறும் மணல்."

"மணலுக்கு யாரு சார் அவ்வளவு தூரம் கப்பல் விடுவான்?"

கௌரியின் அப்பா பதிலுக்கு வாயைத் திறந்தபோதுதான் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது ஆர்?"

பேரைச் சொல்லலாமா, தபால்காரன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பாஸ் முந்திக்கொண்டார்.

"இவர்தான் சார் மாப்பிள்ள. இதச் சொல்லத்தான் வந்தேன். இவரு இந்தக் கலருதான். இவரு முகத்த நான் தொடல. இவரு வெளுப்பாத் தெரியணும்னு பின்னாடி நின்ன மனுசன் மூஞ்சில மைய அடிச்சிட்டேன். எந்தப் பொஸ்தகத்தையும் பார்த்து அடிக்கல. அவர பவுடர் டின்னா ஆக்கிட்டேன் சார்."

அடுக்களை வாசலில் கௌரியின் பாவாடை ஓரம் தெரிந்தது, அது நடுங்கியது. ஈப்போ டாக்டர் எங்கோ மேசை இழுப்பறைக்குள் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது.

பாஸ் எதையும் கவனிக்கவில்லை. அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாதே. சுவரோரமாக நடந்துபோய், அங்கே மாட்டியிருந்த பெரிய கல்யாணப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். அந்தக் காலத்துப் படம், கையால் கலர் பூசியது. பெண்ணின் சேலை பச்சை. மாப்பிள்ளையின் முகம் ரோஜாப்பூ. உதடுகூட இளஞ்சிவப்பு. பாஸ் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்:

"ஏற்கனவே இங்க இருந்தவரு எங்க சார் போனாரு?"

அப்போது அடுக்களைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. கௌரியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்தப் படத்தக் காட்டித்தான் எனக்குக் கலியாணம் பேசினவை. அந்த ரோசாப்பூ மாப்பிள்ளைய நானும் அண்டையில இருந்து தேடுறன். இன்னும் வரேல்ல."

கௌரியின் அப்பா மனைவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"இருங்கோ."

நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு நாற்காலியில் நான் அதற்குப் பிறகு உட்கார்ந்ததில்லை. பாஸுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, மணலுக்கு ஏன் கப்பல் விட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று மறுபடி ஆரம்பித்தார். இருட்டும்வரை போகவில்லை. என் ஆட்கள் யார் என்று விசாரிக்க அன்றைக்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பின்னால் விசாரித்தார்கள், அதெல்லாம் தனிக் கதை. ஆனால் உட்காரச் சொன்னவனை எழுப்பி விரட்டும் பழக்கம் அந்த வீட்டில் இருக்கவில்லை.

கல்யாணப் படத்தைக் கிள்ளானில்தான் எடுக்கவேண்டும் என்று மாமனாரே சொல்லிவிட்டார். கப்பல் விட்டவர்களின் நிறத்தில் ராஜாவைச் சரிசெய்து வைக்கும்படி பாஸுக்கு ஆளும் அனுப்பினார். பவுடர் பூசாத ராஜாவாக இருந்தால் போதும் என்று மாமியார் தனியாகச் சொல்லி அனுப்பினார். என் அம்மா, எதற்கும் இருக்கட்டும், மையே இருக்கட்டும் என்றார்.

தாலி கட்டி முடித்து இரண்டு குடும்பமும் மாலையும் வியர்வையுமாக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தோம். ராஜாவுக்கு முகம் இல்லை. மையை முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தார். கோடு போட்ட துணிக்கும் ஒட்டுத் தாடிக்கும் நடுவில் வெறும் துணி. பாஸின் கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒரு கலரும் மனசுக்கு ஒப்பவில்லை, இப்போதைக்கு எடுத்துவிடுவோம், அடுத்த வாரம் முடிவு பண்ணி வரைந்துவிட்டு மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றார்.

எங்களை வரிசையாக நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். மாமனார் இதற்காகவே காத்திருந்தவர் போல, கப்பலைப் பற்றி ஆரம்பித்தார்.

"அசையாதீங்க சார்."

மாமனார் வாய் பாதி திறந்தபடி நின்றார். கிளிக் ஆனதா என்று தெரியவில்லை. பாஸ் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். எங்களைத் தாண்டி, மாலைகளுக்கு நடுவே நுழைந்து, ராஜாவின் முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். கிராம்பைத் துப்பினார். ஏதோ ஞாபகம் வந்தவர் போலப் பின்கதவு வழியாக எங்கோ போய்விட்டார்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அவர் முடிவு பண்ணவில்லை. அந்த ஒரு படம்தான் எங்களுக்கு. இப்போதும் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நான் வேர்த்துப்போய் நிற்கிறேன். கௌரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். எங்கள் நடுவில் முகமில்லாத ராஜா. ஓரத்தில் வாய் பாதி திறந்த மாமனார்.

அசையலாம் என்று யாரும் சொல்லாததால், அன்று நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து மாமனார் உதட்டை அசைக்காமல் என்னிடம் கேட்டார்.

"மருமோன், முடிஞ்சுதோ?"

தெரியவில்லை மாமா என்றேன், நானும் உதட்டை அசைக்காமல்.